கடைசி நிலையம் பதுளை

ஜப்பானின் உள்கடலிலும் கொரியாவின் தென்கரையிலும் சிறு கப்பல்களில் பண்பாட்டுப் பயணம் போகிறவர்கள் உண்டு. பெரிய கப்பல்கள் நுழையாத சின்னத் துறைகளில் இறங்கி, மரப்பாலம், குயவர் சூளை, பழைய கோயில் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்புவார்கள். நமக்கும் அப்படி ஒரு கடல்வழி இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர். 2023 அக்டோபரில் ‘செரியபாணி’ கப்பலோடு தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்ட்டில் ‘சிவகங்கை’யோடு மறுபடி தொடங்கிய சேவை அது. ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் இலங்கைக் கரை வந்துவிடும். அங்கிருந்து தெற்கே போய், தீவின் நடுமலையில் ஏறி, அதன் மறுசரிவில் இறங்கினால் ஊவா. ஊவாவில் இருக்கும் பதுளைக்கு நான் போனது அந்த வழியில்தான்.

நாகூர் மினாராக்கள் மறைந்ததும் நாலாபுறமும் தண்ணீர். மேல்தளத்தில் நின்று தெற்கே பார்த்தேன். இதே பாக்கு நீரிணையின் அந்தப் பக்கத்தில், 1820களிலிருந்து, திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஊர்களின் ஏழைகள் தோணியேறினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காடும் வறட்சியும் நிறைந்த நெடுவழியில் மாத்தளை வரை நடந்தார்கள். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். பிழைத்தவர்கள் மலையேறிக் காட்டை வெட்டிக் காப்பி நட்டார்கள். 1869இல் காப்பி இலையில் துருநோய் விழுந்து, அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பயிரே அழிந்தது. ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கு அருகே லூல்கந்துரையில் 1867இலேயே தேயிலை பயிரிட்டிருந்தார். காப்பி போன மலைகளில் தேயிலை வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில் என்று வழி சுலபமானது. மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. அந்த வழியில் கால்வைத்துப் பார்க்கவேண்டும் என்ற ஆசை எனக்குள் அப்போதே விழுந்துவிட்டது.

யாழ்ப்பாணத்தில் இரவு ரயில் ஏறி, விடியலில் பொல்காவலைச் சந்தியில் இறங்கி, கொழும்பிலிருந்து வரும் ‘பொடி மெனிக்கே’யில் மாறிக்கொண்டேன். கொழும்பிலிருந்து பதுளைக்கு 292 கிலோமீட்டர். நம் ஊர் அகலப்பாதையே இங்கும். கண்டி, ஹட்டன், நானுஓயா என்று ரயில் மூச்சுவாங்கி ஏறுகிறது. பட்டிப்பொலைக்குச் சற்று அப்பால் 1,898 மீட்டர் உயரத்தில் பாதையின் உச்சி. அங்கே ஒரு சுரங்கம். நுழையும்போது சன்னல் கம்பிகளில் மழை சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் சுள்ளென்று வெயில், நீல வானம், காய்ந்த காற்று! தென்மேற்குப் பருவமழையை நடுமலைகள் அந்தப் பக்கமே தடுத்து நிறுத்திவிடுகின்றன. தண்ணீரை இழந்த காற்று மட்டும் இந்தப் பக்கம் இறங்கி வீசுகிறது. ஒரு சுரங்கத்தின் இரண்டு வாய்களில் இரண்டு பருவங்களைப் பார்க்கிற வியப்பு அன்று முழுக்க எனக்கு அடங்கவில்லை. பெட்டியில் இருந்த ஒரு பெரியவர், “இனி ஊவா, தம்பி. காத்துக் காலம். இப்ப பறிக்கிற கொழுந்துக்குத்தான் விலை” என்றார்.

அவர் சொன்ன காரணத்தைப் பிறகு தோட்டத்தில் இன்னொருவர் விளக்கினார். ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் இந்த வறண்ட காற்றில் கொழுந்தின் வளர்ச்சி தடைப்படுகிறது. வாட்டத்தைத் தாங்கும் போராட்டத்தில் இலைக்குள் சில வாசனைப் பொருள்கள் கூடுகின்றன. காய்ச்சி எடுத்தால் தேநீரில் லேசான மெந்தால் குளிர்ச்சி. டார்ஜிலிங், சீனத்தின் கீமூன் ஆகியவற்றோடு ஊவாவையும் சேர்த்து உலகின் தலைசிறந்த தேநீர்கள் என்று சுவைஞர்கள் சொல்வது இந்த மூன்று மாத வாசனைக்காகத்தான்.

ஓஹியாவுக்குப் பின் இதல்கஸ்ஹின்ன. ரயில் ஒரு குறுகிய மலை முகட்டில் ஓடுகிறது. இரண்டு பக்கச் சன்னல்களிலும் பள்ளத்தாக்கு. ஹப்புத்தளை, தியத்தலாவை, பண்டாரவளை என்று இறங்கி எல்லவை அடைந்தால் உலகத்தின் பாதி மொழிகள் நடைமேடையில் கேட்கின்றன. எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில்தான் ஒன்பது வளைவுப் பாலம். 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம்; கல்லும் செங்கல்லும் சிமெந்தும் மட்டும், இரும்புச் சட்டம் கிடையாது. 1921இல் முடிந்த வேலை. முதல் உலகப் போருக்கு இரும்பு போய்விட்டதால் உள்ளூர்க் கைகளே கல்லால் எழுப்பின என்று ஊரார் சொல்கிறார்கள். ரயில் வளைந்து ஏறும்போது, முன்பெட்டிகள் பாலத்தின் மறுமுனையைத் தொடுவதைப் பின்பெட்டியிலிருந்தே பார்க்கலாம்.

தெமோதரையில் இன்னொரு அதிசயம். நிலையத்தைக் கடந்த பாதை, குன்றைச் சுற்றி இறங்கி, அந்த நிலையத்துக்குக் கீழே இருக்கும் சுரங்கத்துக்குள்ளேயே நுழைகிறது. செங்குத்தான இறக்கத்தை எப்படிச் சமாளிப்பது என்று தவித்த பொறியியலாளர், தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்து இந்த யோசனையைப் பெற்றார் என்று ஒரு கதை இங்கே வழங்குகிறது. கதை எவ்வளவு உண்மையோ, இந்த மலைகளில் எந்த அற்புதத்தைத் தொட்டாலும் அதன் அடியில் ஒரு தொழிலாளியின் உருவம் நிற்கும் என்பதை அது சரியாகவே சொல்கிறது. 1894இல் பண்டாரவளை வரை வந்த பாதை, பதுளையை எட்டியது 1924இல். அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. பதுளைதான் கடைசி நிலையம்.

ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்தில், பதுளு ஓயா வளைத்து ஓடும் கிண்ணம் போன்ற நிலத்தில் இருக்கிறது பதுளை. முதுகுப்பக்கம் நமுனுகுல மலை, 2,000 மீட்டருக்கு மேல். ஊருக்கு நடுவே முத்தியங்கனை விகாரை. புத்தர் வந்த இடம் என்று பௌத்தர்கள் போற்றும் 16 தலங்களில் ஒன்று. வெண்தாதுகோபத்தைச் சுற்றி வெள்ளாடை உடுத்தவர்கள் மெல்ல நடக்கிறார்கள். அங்கிருந்து சிறிது தூரத்தில் கதிர்காமத் தேவாலயம். நம் முருகனுக்குச் சிங்கள மக்கள் எடுத்த கோயில். கொஞ்சம் நடந்தால் தமிழ்க் கடைகளின் பெயர்ப்பலகைகள், பள்ளிவாசலின் பாங்கொலி. ஒரே மாலையில் இத்தனையும் காதில் விழும் ஊர் இது.

பதுளை நூலகத்தில் ஒரு கல்தூண் இருக்கிறது. மகியங்கனைப் பக்கம் ஹொரபொர குளத்தருகே கிடைத்தது. 10ஆம் நூற்றாண்டின் உதய மன்னன் காலத்தது. அரசன் மகியங்கனைக்கு வந்தபோது, சந்தை ஊரொன்றின் வணிகர்களும் குடிகளும் அவன்முன் நின்று, அதிகாரிகள் வழக்கத்துக்கு மாறாக வசூலிக்கிறார்கள் என்று முறையிட்டார்கள். அவன் விதிகள் வகுத்துக் கல்லில் வெட்டச் சொன்னான். அரசர்களின் வெற்றிகளைச் சொல்லும் கல்வெட்டுகளை நம் கோயில்களில் நிறையப் படித்திருக்கிறேன். எளிய மனிதர்கள் வாய்திறந்து கேட்ட நியாயம் ஆயிரம் ஆண்டுகளாகக் கல்லில் நிற்பதைக் காணும்போது கைகூப்பத் தோன்றியது.

அதே ஊரில் புனித மாற்கு தேவாலயம் இருக்கிறது, 1857இல் கட்டியது. 1845இல் ஹப்புத்தளையில் இடிவிழுந்து இறந்த மேஜர் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியின் நினைவுக்காக எழுந்த ஆலயம். சாலைகள் அமைத்தவர், ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அவருக்கு முந்தைய தலைமுறையில், 1817-18இல், ஊவா வெல்லஸ்ஸ மக்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தார்கள். அந்த எழுச்சி அடக்கப்பட்டபோது வயல்களும் குளங்களும் அழிக்கப்பட்டன. 1840இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டத்தால் கிராமத்தார் பொதுவில் ஆண்ட மேட்டுநிலங்கள் அரசுக்குப் போயின. அங்கிருந்து தோட்டத்துரைகளின் கைக்கு வந்தன. நிலத்தை இழந்த சிங்களக் கிராமத்தாரும், அந்த நிலத்தில் உழைக்கக் கொண்டுவரப்பட்ட தமிழரும் ஒரே வரலாற்றின் இரு கரைகளில் நின்றவர்கள். ஊவாவைப் பார்க்கப் போகிறவர் இரண்டு துயரையும் சேர்த்தே அறியவேண்டும்.

பதுளையிலிருந்து 13 கிலோமீட்டரளவில் போகொட மரப்பாலம். கல்லந்த ஓயாவின் மேல் கூரையோடு நிற்கும் பாலம். 16ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். சுமார் 15 மீட்டர் நீளம். இரண்டு ஆள் எதிரெதிரே நடக்கும் அகலம். கண்டி ஓடு வேய்ந்த கூரைக்குக் கீழே செதுக்கிய தூண்கள், கைப்பிடிக் கிராதிகள். ஆணிக்குப் பதிலாக மரமுளைகள். பக்கத்துப் பாறைக்குகையில் பழைய விகாரை. வழிப்போக்கன் மழைக்கு ஒதுங்கட்டும் என்று பாலத்துக்கே கூரை போட்ட மனத்தை நினைத்துக்கொண்டே பலகையில் உட்கார்ந்திருந்தேன். ஜப்பானின் இவாகுனியில் 1673இல் முதன்முதலில் எழுந்த கின்தாய் மரப்பாலத்தை 1950இலும் வெள்ளம் கொண்டுபோனது. 1953இல் பழைய முறைப்படியே மீண்டும் எழுப்பினார்கள். மரம் மக்கும், தச்சுக்கை மக்காது என்று நம்புகிறவர்கள் அவர்கள். போகொடவின் முளைகளையும் மூட்டுகளையும் இன்றைய இளம் தச்சர்கள் வந்து கற்றுக்கொள்ளவேண்டும்.

துன்ஹிந்தை அருவிக்குக் காட்டுப்பாதையில் நடக்கவேண்டும். பதுளு ஓயா 64 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. காற்றுக் காலத்தில் நீர் குறைந்திருந்தாலும் சாரல் எழும்பிப் பள்ளத்தை மூடிக்கொண்டிருந்தது.

மறுபடி ரயிலேறி ஹப்புத்தளைக்கு வந்தேன். ஊவாவின் உயிர் தோட்டங்களில்தான் இருக்கிறது. தம்பத்தென்னைத் தேயிலைத் தொழிற்சாலை 1890இல் எழுந்தது. அதே ஆண்டில் இலங்கைக்கு வந்து இந்தப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கிய தாமஸ் லிப்டனின் பெயரை உலகம் முழுதும் தேநீர்ப் பொட்டலங்களில் காண்கிறோம். உள்ளே நுழைந்ததும் வாசனை ஆளைச் சூழ்கிறது. மேல்மாடியில் நீண்ட தொட்டிகளில் கொழுந்து இரவெல்லாம் வாடுகிறது. பிறகு உருளைகளில் கசங்கி, பரப்பிய இடத்தில் காற்றுப்பட்டுச் செம்பு நிறமாகி, சூட்டில் உலர்ந்து, சலிப்புகளில் தரம் பிரிகிறது. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, எத்தனை ஆயிரம் முறை விரல்கள் மடங்கவேண்டும்!

தொழிற்சாலையிலிருந்து ஏழு கிலோமீட்டர் மேலே லிப்டன் சீட். சுமார் 1,970 மீட்டர் உயரத்தில், லிப்டன் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்த இடம். இன்று கையில் கோப்பையோடு அவர் சிலை அங்கே அமர்ந்திருக்கிறது. தெளிந்த காலையில் தென்கடல் சமவெளி வரை கண் போகும். நானோ கீழே இருந்த மலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சரிவு முழுக்க நிரை நிரையாகச் செடி. மண் ஓடாமல் தடுக்கக் கல்லணைகள். மழைநீர் வழிய வெட்டிய கான்கள். ஒவ்வொரு கல்லும் ஒருவர் சுமந்து வந்து அடுக்கியது. இந்த மலை முழுவதும் கையால் செய்த ஒரு மாபெரும் கலைப்பொருள். அதைச் செய்தவர்களின் பெயர் எழுதிய பலகை ஒன்றையும் வழியில் நான் காணவில்லை.

இறங்கும் வழியில் மழை மூட்டம் கட்டியது. தொழிலாளர் வரிசை வீடான லயம் ஒன்றின் இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில், இருந்த ஒரு முதிய அம்மா, “உள்ள வாங்க தம்பி, நனையாதீங்க” என்று கூப்பிட்டார். ஆயுளெல்லாம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். பால் விடாத தேத்தண்ணியும், உள்ளங்கையில் வைத்துக்கொள்ளச் சீனியும் தந்தார்.

“எந்த ஊரு?”

“தஞ்சாவூர்ப் பக்கம் அம்மா.”

“எங்க பாட்டன் வழியெல்லாம் துறையூரு பக்கமுன்னு சொல்லுவாங்க. நான் பார்த்ததில்ல. இப்ப அங்க பஸ்ஸெல்லாம் போகுதா?”

“திருச்சியிலிருந்து நிறையப் போகுது அம்மா.”

“மல இருக்கா?”

“இருக்கு. பச்சைமலை, கொல்லிமலை எல்லாம் பக்கந்தான்.”

அவர் முகம் மலர்ந்தது. “பார்த்தியா, மலையிலருந்துதான் மலைக்கு வந்திருக்காக” என்று பேத்தியிடம் சொன்னார்.

அந்த அறை 10க்கு 12 அடி இருக்கும். வரிசையாக ஒட்டிய அறைகள், முன்னால் ஒற்றை இஸ்தோப்பு, வாசலில் தகரக் கூரை. ஆனால் அந்தச் சிறிய இடத்துக்குள் ஓர் உலகத்தையே அவர்கள் காத்து வைத்திருக்கிறார்கள். வேலைக்கு ஆள் பிரிக்கும் விடிகாலைப் பிரட்டு, கொழுந்து நிறுக்கும் நேரம், முழுநாள் கூலிக்குப் பேர் விழுந்ததா அரைப்பேரா என்ற கணக்கு, குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவம் என்று வேலையின் மொழியைப் பேத்தியும் சேர்ந்து எனக்குச் சொன்னாள். கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் கவ்வாத்துச் சாமிக்குப் படையல். தொழிற்சாலைச் சக்கரங்களைக் காக்க ரோதமுனி. இயந்திரத்தின் பேருருவைக் கண்டு அஞ்சிய மனிதர்கள், அதற்கும் ஒரு முனியை வைத்துத் தமக்கு உறவாக்கிக்கொண்டார்கள்! மாசியில் கம்பம் நட்டு ஆடும் காமன் கூத்தில் தப்பின் ஒலி அடுத்த தோட்டம் வரை கேட்குமாம். தஞ்சை, திருச்சிக் கிராமங்களிலிருந்து தோணியேறிய காமன், இங்கே மலையில் இன்னும் ஆண்டுதோறும் எரிந்து எழுகிறான்.

இந்த மண்ணுக்குத் தன் குரலால் எழுத்துருவம் தந்தவர் தெளிவத்தை ஜோசப். 1934இல் பதுளைக்கு அருகே ஹாலிஎலப் பகுதித் தோட்டமொன்றில் பிறந்தார். ஆசிரியராக இருந்த தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். ‘காலங்கள் சாவதில்லை’ நாவலும் ‘நாமிருக்கும் நாடே’ கதைகளும் லயத்து மனிதர்களைத் தமிழ் வாசகர் வீட்டுக்குள் கொண்டுவந்தன. 2013இல் விஷ்ணுபுரம் விருது பெற்றார், 2022இல் மறைந்தார். ஊவாவுக்குப் புறப்படுகிறவர்கள் அவரைப் படித்துவிட்டுப் புறப்பட்டால், சன்னலில் தெரியும் ஒவ்வொரு லயமும் பேசும்.

அவர் எழுதிய வாழ்வின் பின்னணி கனமானது. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் தேயிலை பறிக்கும் நம் தாயகம் திரும்பிய குடும்பங்கள் பலவற்றின் உறவுகள் இன்றும் பதுளையிலும் பசறையிலும் மடுல்சீமையிலும் இருக்கின்றன. எஞ்சியிருந்தோருக்கு முழுக் குடியுரிமை கிடைக்க 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஜப்பான், கொரியக் கடலோரப் பயணிகள் காணும் இரண்டு இடங்கள் எனக்கு இங்கே நினைவில் வந்தன. 1592 முதல் 1598 வரை கொரியா மீது படையெடுத்த ஜப்பானியத் தலைவர்கள், திரும்பும்போது கொரியக் குயவர்களைக் கொண்டுபோனார்கள். ஹாகியின் தேநீர்க் கிண்ணங்களும் அரிதாவின் பீங்கானும் அந்தக் கைகளில் பிறந்தவை. 1616இல் அரிதாவில் பீங்கான் மண்ணைக் கண்டெடுத்தவராகப் போற்றப்படும் யி சாம்-பியோங் என்ற கொரியருக்கு, ஊரார் 1917இல் மலைமேல் நினைவுத்தூண் எழுப்பினார்கள். இன்னோர் இடம் நாகசாகிக்கு அப்பால் ஹஷிமா என்ற நிலக்கரித் தீவு. 2015இல் உலக மரபுச் சின்னங்களில் சேர்ந்தது. அங்கு கொரியர்கள் விருப்பத்துக்கு மாறாகக் கொண்டுவரப்பட்டு வேலைவாங்கப்பட்டதை ஜப்பான் அப்போது ஒப்புக்கொண்டது. அந்த வரலாறு போதிய அளவு சொல்லப்படவில்லை என்று 2021இல் உலக மரபுக் குழு வருத்தம் தெரிவித்தது. கட்டடம் மட்டும் மரபாகிவிடாது. உழைத்தவரின் பெயரையும் துயரையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் அது மரபு.

ஊவாவிலும் பங்களாக்கள் விடுதிகளாகின்றன, தொழிற்சாலைகள் காட்சிக்கூடங்களாகின்றன. லயமும் அந்த வரிசையில் வரவேண்டும். கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்தில் ஒரு லய வரிசையையே தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். அதுபோல ஊவாவுக்கும் ஒன்று வேண்டும். லயத்தை நினைவிடமாக்குவது வேறு, மனிதரை அதற்குள்ளேயே வைத்திருப்பது வேறு. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில், நான் போய்வந்த பிறகு, டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தது; மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. நான் ரசித்துப் போன ரயில்பாதையும் மண்சரிவுகளால் பல இடங்களில் உடைந்தது. மலையைச் செதுக்கியவர்களுக்கு அந்த மலையில் உறுதியான மண்ணும் சொந்த வீடும் கிடைப்பதே முதல் மரபுப் பாதுகாப்பு என்று மனமார நம்புகிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து ஊவாவுக்குப் போங்கள். கப்பல் ஓடும் பருவத்தையும் ரயில்பாதையின் நிலையையும் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். பாலத்தையும் அருவியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் ஒரு தோட்டத்துக்குள் நடங்கள். லயத்து வாசலில் உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். நான்கு தலைமுறையாக அந்தப் பெயரை நினைவில் வைத்திருக்கும் ஒரு குடும்பம் அங்கே இருக்கக்கூடும். அவர்கள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, உங்கள் ஊரில் சொல்லுங்கள்.